காது வைத்த துண்டுகள்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் மூன்று பேரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவர் கால், அதற்குப் படி பழக்கமில்லை என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்கிறார். உன் இருமல் விட்டதா?

ஒரு செய்தி. காலையில் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்ன தப்பு செய்தேனோ என்று பயந்து, மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தை வாய்க்குள் தயார் செய்துகொண்டே போனேன். அவர் நிமிர்ந்து, "அப்பா அம்மாவைக் கப்பல்ல அனுப்புறீங்களா?" என்றார். தயாராக இருந்த வாக்கியம் முந்திக்கொண்டுவிட்டது. "சாரி சார்" என்றேன்.

எங்கள் பயண அலுவலகம் இரண்டு சொகுசுக் கப்பல் கம்பெனிகளுக்கு டிக்கெட் விற்கிறது. அதில் ஒன்று நீ வேலை பார்க்கும் கம்பெனி. நான் வாயைத் திறக்காததால் அலுவலகத்தில் அது யாருக்கும் தெரியாது. இந்த வருஷம் ஊழியர் ஒருவரின் பெற்றோருக்கு ஒரு வாரப் பயணம் இலவசம். சீட்டு எடுத்ததில் எனக்கு விழுந்திருக்கிறது. எந்தக் கப்பல் என்று மே மாதத்துக்குள் நாம் சொல்ல வேண்டும்.

உன் கப்பலில் நாடக அரங்கு, நீச்சல்குளம், கடைகள் எல்லாம் உண்டு. ஆனால் பெரும்பாலும் நடுக்கடலில்தான் ஓடும். மற்றது சின்னக் கப்பல். பொழுதுபோக்கு என்று ஒன்றும் கிடையாது. ஆனால் மலைகளுக்கு நடுவே குறுகலாக உள்ளே நீளும் கடலில் புகுந்து போகும். அருவிக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "முப்பது வருஷம் ஒரு பெட்டிக்குள்ள நின்னேன். கதவு தெறந்தா சுவரு, மூடினா சுவரு. எனக்கு மலைதான் வேணும்."

அம்மா துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை விட்டு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு மூலையை வெளியே நீட்டி, முயல் காது மாதிரி மடித்துவிடுகிறாள். அடுக்கு சரியாமல் உருவ அது வசதி என்பது அவள் கண்டுபிடிப்பு. அவளைத் தவிர வேறு யாரும் அப்படி மடித்து நான் பார்த்ததில்லை. தலை நிமிராமலே, "எம்புள்ள இருக்கிறதுதான் கப்பல். மத்தது எல்லாம் படகு" என்றாள்.

நீ வரவேற்பு மேசையில் இருப்பவன். தினமும் பயணிகளைப் பார்க்கிறவன். எது நல்லது என்று நீயே சொல். போனில் கேட்டால், "நல்லா இருக்கேன்" என்று நீ இரண்டு முறை சொல்வதற்குள் லைன் போய்விடுகிறது. எழுது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

உன் தங்கை


பிப்ரவரி 23

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

நான் நலம். அப்பாவின் முழங்காலையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்லவும்.

"சாரி சார்" படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் உடன் வேலை செய்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரிசு வாங்கவும் மன்னிப்புக் கேட்கிற ஒரே ஆள் நீதான்.

யோசிக்கவே வேண்டாம், சின்னக் கப்பல்தான். அப்பா சொல்வது சரி. எங்கள் கப்பல் மிதக்கிற ஒரு கடைத்தெரு. மேசைக்கு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் சாப்பாட்டு மணி எப்போது, பாட்டு எந்த மாடியில் என்பதுதான். வெளியே கடல் இருப்பதே பாதிப் பேருக்கு மறந்துவிடும். அம்மாவுக்கு இந்த இரைச்சலும் குளிர்பதனமும் ஒத்துக்கொள்ளாது. சின்னக் கப்பலில் அமைதியாக உட்கார்ந்து பார்க்கலாம்.

என்னைப் பார்ப்பதற்காக என்று வர வேண்டாம். எனக்கு வேலை நேரத்தில் நகர முடியாது. டிசம்பரில் நானே வருகிறேன்.

அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம்தான், ஆனால் சமாதானமாக இல்லை. உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து வீடு இரண்டு கட்சி.

அப்பா, "பாத்தியா, கப்பல்ல வேலை பாக்கிறவனே சொல்லிட்டான்" என்று கையைத் தட்டினார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் தட்டிய கை பாதியில் நின்றது.

"மலை என்னைப் பாத்து, சாப்ட்டியாம்மான்னு கேக்குமா?"

"உம்புள்ள மட்டும் கேக்கவா போறான்? நாலு வருஷமா 'கேட்டதாகச் சொல்லவும்'னுதான் எழுதுறான். யார்கிட்ட கேக்குறான், யாரு சொல்றது, ஒண்ணும் புரியல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. போன டிசம்பரிலும் நீ இதையேதான் எழுதினாய். அவள் மறக்கவில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வருவார். இரண்டு கப்பலிலும் போனவர். என் வாயிலிருந்து ஒரு கேள்வி வருவதற்குள் அவர் டீயே ஆறிவிட்டது. எது நல்லது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சின்னக் கப்பல்ல எங்க போனேன்னு ஞாபகம் இருக்கு. பெரிய கப்பல்ல யாரோட போனேன்னு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு எது வேணும்னு பாத்துக்கங்க" என்றார். இதை வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு கட்சியும் அது தன் பக்கம் என்கிறது.

நீ இன்னொரு முறை விவரமாக எழுதினால் அம்மா இறங்கி வரலாம். ஒன்று கேட்க வேண்டும். கப்பலிலேயே இருந்தாலும் ஒரு வாரத்தில் ஒரு தடவைகூட அவளை நீ பார்க்க முடியாதா? இருமலைப் பற்றியும் நீ எழுதவில்லை.

உன் தங்கை


ஏப்ரல் 7

அன்புள்ள தங்கைக்கு,

அனைவரும் நலமாக இருப்பீர்கள். பதில் தாமதமாகிவிட்டது. வேலை.

இதை அம்மாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டு. போன வாரம் எங்கள் கப்பல் வழி மாறி, அந்தச் சின்னக் கப்பல்கள் போகும் மலை வழியில் கொஞ்ச தூரம் போனது. நான் மேல்தளத்தில் நின்று பார்த்தேன். அம்மா, இப்படி ஒரு இடம் பூமியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்து, காற்றே வழி கேட்டுத்தான் போகிறது. ஈரத் துணியால் இப்போதுதான் துடைத்துவிட்ட கறுப்புத் தரை போலக் கிடக்கிறது தண்ணீர். மேகம்கூட அதில் கால் வைக்கத் தயங்கி ஓரமாக நிற்கிறது.

இதைப் பார்க்காமல் எங்கள் கப்பலில் வந்து பாட்டுக் கச்சேரி கேட்பதில் என்ன இருக்கிறது? நீங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தால் நான் கூட இருந்த மாதிரிதான்.

அண்ணன்


ஏப்ரல் 18

அண்ணா,

நலம் விசாரிக்கத் தோன்றவில்லை. மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தை நேற்று மாலை வாசித்தேன். அம்மா என் எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஈரத் துணியால்" என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. "என்னடி, எழுத்து புரியலையா?" என்றாள். ஆமாம் என்றேன். எப்படியோ மீதியை வாசித்தேன். முடிந்ததும் அவள், "எம்புள்ள கண்ணால பாத்ததைச் சொல்றான், எனக்கே பாத்த மாதிரி இருக்கு" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணா, அந்த வரி என்னுடையது.

டிக்கெட் போடுவது மட்டும்தான் என் வேலை என்று உங்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். விளம்பரத் தாள்கள் எழுதுவதும் நான்தான். போகாத ஊரைப் போய் வந்ததுபோல் எழுதுவதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. சின்னக் கப்பல் கம்பெனிக்காக எழுதியபோது எனக்கு மலையும் தெரியாது, கடலும் தெரியாது. அம்மா வேலை செய்த சலவைக்கூடத்தின் கறுப்புக் கல் தரையை நினைத்துக்கொண்டேன். அவள் துடைத்துவிட்டு, "யாரும் கால் வைக்காதீங்க" என்று கத்துவாளே, நீயும் நானும் வாசலில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்போமே, அந்தத் தரை. அந்த மேகம் நாம்தான். அதை நீ எந்த மேல்தளத்தில் நின்று பார்த்தாய்?

எனக்குப் பயமாக இருக்கிறது. நீ கப்பலில்தான் இருக்கிறாயா? இதற்குப் பதிலை வீட்டுக்கு எழுதாதே. அலுவலக முகவரிக்கு எழுது.


மே 5

தங்கச்சிக்கு,

கப்பலில்தான் இருக்கிறேன். பயப்படாதே.

நீ எழுதியது என்று எனக்குத் தெரியாது. குளியல் அங்கி ஒன்றின் பையில் அந்தத் தாள் கிடந்தது. நம் மொழியில் அச்சடித்த ஒன்றைப் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது! காயவைத்து எடுத்து வைத்திருந்தேன். எழுதியவர் ஊர் ஊராகச் சுற்றிய பெரிய மனிதர் என்று நினைத்தேன். அம்மா மனதை மாற்ற அவர் சொல்லை இரவல் எடுத்தேன்.

குளியல் அங்கி என் கைக்கு எப்படி வந்தது என்று நீ யோசித்திருப்பாய். வரவேற்பு மேசை முதல் நாளிலிருந்தே கிடையாது. நான் கப்பலின் சலவைப் பகுதியில் இருக்கிறேன். நீர்மட்டத்துக்குக் கீழே. ஜன்னல் இல்லை. கடல் எனக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். துறைமுகத்தில் இறங்கும்போது பார்ப்பது கிரேன்களையும் கிடங்குகளையும்.

நான் கிளம்பிய அன்று அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "என் கைதான் சலவைச் சோடாவுலயே ஊறிப்போச்சு. உன் கை காஞ்சு இருக்கணும்டா." அப்படிச் சொன்னவளுக்கு நான் என்ன எழுதுவது?

அவள் இங்கே வந்தால் தேடுவாள். நான் சோப்புத் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பது தெரிந்துவிடும். சின்னக் கப்பல் என்று எழுதிக் கொடுத்துவிடு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்

இருமல் பஞ்சுத் தூசியால். பெரிதாக ஒன்றுமில்லை.


மே 20

அண்ணா,

நீ சொன்னபடியே செய்தேன். சின்னக் கப்பல் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டிலும் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. சம்மதித்துவிட்டாள் என்று நினைத்தேன். அவளோடு இத்தனை வருஷம் இருந்தும் அப்படி நினைத்தேன்.

நேற்று மதியம் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு திறந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா. என் அலுவலகத்துக்கு அவள் வந்ததே இல்லை. பேருந்து மாறி, பலகை படிக்கத் தெரியாமல், ஆள் ஆளாய்க் கேட்டு வந்திருக்கிறாள். என்னைத் திரும்பியும் பார்க்காமல் நேராக மேனேஜர் அறைக்குள் போனாள். நான் ஓடினேன்.

"சார், எம்பொண்ணுக்கு வாய் கிடையாது. அவ எழுதிக் குடுத்ததை மாத்தணும்."

"எதுக்கு மாத்தணும்மா?"

"எம்மவன் இருக்கிற கப்பலுக்கு."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "உங்க அண்ணன் அந்தக் கப்பல்லயா? சொல்லவே இல்லையே! என்ன வேலை?"

அம்மா முந்திக்கொண்டாள். "வரவேற்பு மேசை. கோட்டு போட்டுட்டு நிப்பான்."

அண்ணா, அப்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த அறையின் எல்லா விளக்கும் அவள்மேல் எரிவது போல இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் உடனே மாற்றிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்து, "அப்பாவுக்கு மலைதானே வேணும்?" என்று கேட்டுப் பார்த்தேன். "அவர்தான் கூட்டிட்டுப் போடின்னு சொன்னாரு. மலை எங்கயும் போயிடாதாம். புள்ளைங்கதான் போயிடுதாம்" என்றாள்.

ஜூன் கடைசி வாரம் ஏறுகிறார்கள். நான் எதையும் சொல்லவில்லை. சொல்லவா?

உன் தங்கை


ஜூன் 6

தங்கச்சி,

சொல்லாதே. வரவேற்பு மேசையில் எனக்குத் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள். நான் லீவில் போய்விட்டதாக அவள் சொல்லிவிடுவாள். அம்மா வருத்தப்படுவாள்தான். ஆனால் கோட்டு போட்ட பிள்ளை எங்கோ இருக்கிறான் என்ற எண்ணமாவது அவளுக்கு மிஞ்சும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அண்ணன்


ஜூன் 27, கப்பலிலிருந்து

மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறைவில்லை. நீ கதவைத் தாழ் போட்டுக்கொண்டு பத்திரமாக இரு.

இந்தக் கப்பலில் பதினாறு லிஃப்ட். ஒன்றுக்கும் ஆள் கிடையாது. அவரவரே பொத்தானை அமுக்கிக்கொள்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. நேற்று ஒன்றில் நின்று எல்லோரையும் ஏற்றி இறக்கினேன். ஒரு வெள்ளைத் தொப்பிக்காரர் கைகொடுத்துவிட்டுப் போனார்.

உன் அண்ணன் லீவில் போயிருப்பதாக மேசையில் இருந்த பெண் கையால் சைகை காட்டிச் சொன்னாள். அம்மா நம்பவில்லை. கோட்டு போட்ட ஒவ்வொருவன் முகத்தையும் கிட்டே போய்ப் பார்த்தாள். எனக்கே கூச்சமாகிவிட்டது. பிறகு அறைக்குக் கூட்டிவந்தேன்.

அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிலில் துண்டுகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் காது. நம் வீட்டு அலமாரியில் இருக்குமே, அதே காது. அம்மா ஒன்றை உருவினாள். அடுக்கு அசையவில்லை. இன்னொன்றை உருவினாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கமோ என்று நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். அறை சுத்தம் செய்கிற நரைத்த மீசைக்காரர் அந்த நேரம் வந்தார். அம்மா காதைப் பிடித்துக் காட்டி, யார் யார் என்று கேட்டாள். மொழி தெரியாவிட்டாலும் அந்த மனுஷனுக்குப் புரிந்துவிட்டது. விரலால் தரையைக் காட்டினார். கீழே என்றால் கடல்தானே? உனக்கு ஏதாவது தெரியுமா?

இன்று அம்மா குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டை நன்றாக நீவி, மடித்து, காது வைத்து, அழுக்குக் கூடையில் போட்டாள். அழுக்குத் துண்டை எதுக்கு மடிக்கிறே என்றேன்.

"தபால் போடுறேன்" என்றாள்.

அப்பா


ஜூலை 4

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

நலம். பொய்யில்லை, இந்த முறை நலம்தான். இதை வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். சத்தமாகவே வாசி.

அழுக்குத் துணி எங்களுக்கு மேலேயிருந்து குழாய் வழியாக மலை மலையாய் விழும். சுருட்டி, முறுக்கி, பந்தாய் வரும். துவைக்கப் போடும் துண்டை யாரும் மடித்துப் போடுவதில்லை. அன்று குவியலை வாரும்போது கையில் ஒன்று சிக்கியது. பாதி குலைந்திருந்தாலும் மடித்த துண்டு. காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்களில் எவனாவது குறும்பு செய்கிறான் என்று நினைத்துப் பிரித்தேன். உள்மடிப்பு வலமிருந்து இடம். அது நான் யாருக்கும் சொல்லித்தராதது. சொல்லித்தர எனக்கே சரியாக வராதது.

இங்கே சேர்ந்த புதிதில் அடுக்கு சரிந்து சரிந்து விழும். நான்தான் காது வைக்கக் காட்டினேன். எங்கள் மேற்பார்வையாளரை நாங்கள் இடி என்போம். அவளுக்கு அது பிடித்துப்போய், கப்பல் முழுக்க அப்படியே மடிக்க வேண்டும் என்று சட்டமாக்கிவிட்டாள். நாளாவட்டத்தில் அது யாருடையது என்பதே எனக்கு மறந்துவிட்டது. உன்னிடமிருந்து வரியைத் திருடியது ஒரு கடிதத்தில்தான். அம்மாவிடமிருந்து திருடியதை நாலு வருஷமாகத் தினமும் எல்லா அறைக்கும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் நின்றது நின்றபடி இருந்தேன். இடி வந்து, "என்ன அது?" என்று கத்தினாள். "எங்க அம்மா" என்றேன். "அம்மாவா? துணிக்குள்ளயா?" என்று குவியலையே எட்டிப் பார்த்தாள். எப்படியோ சொல்லி முடித்தேன். என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். என் சட்டையைப் பிடித்து வேலையாட்கள் ஏறும் படிக்கட்டில் தள்ளி, "போ. வேலை முடியுற வரைக்கும் உன் மூஞ்சியை நான் பார்க்கக் கூடாது" என்றாள்.

அறை சுத்தம் செய்யும் நரைத்த மீசைக்காரர், நான் சொல்லியனுப்பியதும், அவர்களைத் திறந்த தளத்துக்குக் கூட்டிவந்திருந்தார். அன்று மாலை எங்கள் கப்பல் மலைக்குக் கொஞ்சம் பக்கமாகத்தான் போனது. பயணிகள் எல்லோரும் கம்பியோரம் கேமராவோடு நின்றார்கள். அம்மா மட்டும் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான் வரும் கதவையே பார்த்து நின்றாள். நான் ஈர ஏப்ரனோடு போய் நின்றேன்.

அவள் அழவில்லை. கோபிக்கவும் இல்லை. என்ன சொன்னாள் தெரியுமா?

"காது சின்னதா வைக்கிற. ஈரக் கைக்குச் சிக்காது."

பிறகு என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊறி வெளுத்திருந்த விரல்களைத் தன் புடவைத் தலைப்பால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நான் இருமினேன். நெஞ்சில் கையை வைத்து, "பஞ்சு. எனக்கும் இருந்துச்சு. வாயில துணி கட்டிக்கோ" என்றாள்.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்து, "கோட்டு எங்கடா?" என்றார். "துவைக்கப் போட்டிருக்கேன்பா" என்றேன். அதற்குத்தான் அம்மா சிரித்தாள். சிரித்த பிறகு அழுதாள்.

அப்பாதான் கொஞ்ச நேரம் கழித்து, "டேய், மலை அந்தப் பக்கம்டா" என்றார். சொன்னவரும் திரும்பவில்லை.

தண்ணீர் எப்படி இருந்தது என்று நீ கேட்பாய். உனக்கு அடுத்த தாள் எழுத உதவும். தெரியவில்லை தங்கச்சி. இந்த முறையும் நான் பார்க்கவில்லை.

அண்ணன்